சுவரைக் கட்டியவர்கள் எங்கே தங்கினார்கள்? ஷெனன்டோவா மலையில் நான்கு நாள்கள்

முதல் நாள், வியாழன் இரவு, லூரே

சென்ற ஆண்டு நான் அனுப்பிவைத்த, அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்து ஷெனன்டோவா மலைப் படங்களில் மாமா, அதாவது என் மனைவியின் தந்தை, சிவந்து நின்ற மரங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் கண் சாலையோரத்துக் கல் சுவரில் போய் நின்றுவிட்டது. நெடுஞ்சாலைத் துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவருக்கு அதுதான் முதலில் தெரியும். "இதைக் கட்டினது யாரு, மாப்பிள்ளை?" என்று திருச்சியிலிருந்து தொலைபேசியில் கேட்டார். 1930களில் வேலையில்லாத இளைஞர்களை அரசாங்கம் முகாம் போட்டுத் தங்கவைத்துக் கட்டியது என்றேன். "அத்தனை பேரும் எங்கே தங்கினாங்க? யாரு சமைச்சுப் போட்டாங்க?" என்பது அடுத்த கேள்வி. எனக்குத் தெரியவில்லை. இந்த அக்டோபரில் அவர் எங்களிடம் வந்திருப்பதால், வார இறுதியோடு வரும் திங்கள்கிழமை விடுமுறையையும் சேர்த்துக்கொண்டு, அந்தக் கேள்விக்காகவே இன்று காலை நாங்கள் வசிக்கும் ஆஷ்பர்னிலிருந்து இருவரும் புறப்பட்டோம்.

எடின்பர்க் என்ற சிற்றூரில் பெருஞ்சாலையை விட்டு இறங்கி, 675ஆம் எண் சாலையில் மலை ஏறி, ஃபோர்ட் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தோம். மாசனட்டன் மலையின் இரு மடிப்புகளுக்கு இடையில் ஒதுங்கிக் கிடக்கும் அந்தப் பள்ளத்தாக்கின் ஓரத்தில்தான் 'கேம்ப் ரூஸ்வெல்ட்' இருக்கிறது. இன்று அது ஜார்ஜ் வாஷிங்டன் தேசியக் காட்டுக்குள் ஒரு சிறிய கூடாரத் தங்குமிடம். 1933 ஏப்ரல் 17 அன்று இங்கேதான் சி.சி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட குடிமக்கள் வளப் பாதுகாப்புப் படையின் முதல் முகாம் திறக்கப்பட்டது. தேசியக் காடுகளில் அமைந்த முதல் முகாம் என்பதால் என்.எஃப்.1 என்பது இதன் எண்.

நாள்களை எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றது அந்த ஆண்டு மார்ச் 4. நாட்டில் நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லாத காலம் அது. மார்ச் 31இல் சட்டத்தில் கையெழுத்தானது. பதினேழாம் நாள் இந்த மலையடியில் ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள். ஜூலைக்குள் சுமார் 1,300 முகாம்கள், ஏறத்தாழ 2,75,000 பேர். ஆளைத் தேர்ந்தெடுப்பது தொழிலாளர் துறை. உடை, உணவு, இருப்பிடம், மருத்துவம் எல்லாம் இராணுவம். வேலையைத் திட்டமிட்டு வாங்குவது வேளாண் துறையும் உள்நாட்டுத் துறையும். நான்கு துறைகள் கலந்து செய்த வேலை பதினேழு நாளில் தொடங்கியது என்பதை மாமா நம்பவே இல்லை. "எங்க ஆபீஸ்ல டெண்டர் ஃபாரம் அச்சடிச்சு வரவே அவ்வளவு நாளாகும்" என்றார்.

முகாம் இருந்த இடத்தில் இப்போது ஓக் மரங்களுக்கு நடுவே சிமெண்டுத் தளங்களும் சில படிகளும் ஒரு விளக்கப் பலகையும் மட்டுமே இருக்கின்றன. ஒரு தளத்தின் விளிம்பை மாமா காலணியின் முனையால் தட்டி, காய்ந்த இலைகளை ஒதுக்கினார். உள்ளங்கை அகலத்துக்குப் பாசி படர்ந்திருந்தது. அதன் நடுவில் ஒரு ஓக் நாற்று விரிசலுக்குள் வேர்விட்டு நின்றது. மூன்றே படிகள் உள்ள ஒரு படிக்கட்டு எந்தக் கதவுக்கும் போகாமல் காற்றில் முடிந்தது. மாமா அதில் ஏறி, மூன்றாவது படியில் நின்று, ஒரு கணம் உள்ளே நுழையப் போகிறவர் போலத் தயங்கிவிட்டு இறங்கினார்.

சென்னையில் கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஆட்களுக்குத் தகரக் கொட்டகை போட்டு, வேலை முடிந்ததும் பிரித்து ஏற்றிக்கொண்டு போவார்களே, அதே கணக்குதான் இதுவும் என்று அவர் சொன்னார். கணக்கு அதுதான் என்றாலும் கொட்டகை வேறு. தொடக்கத்தில் இராணுவக் கூடாரங்களாக இருந்தவை, குளிர்காலத்துக்குள் நாற்பது ஐம்பது பேர் படுக்கும் நீண்ட மரக் கூடங்களாக மாறின. ஒரு முகாமுக்கு ஏறத்தாழ 200 பேர். உணவுக்கூடம், குளியலறை, மருத்துவ அறை, பொழுதுபோக்குக் கூடம், வண்டிக் கொட்டகை, அதிகாரிகளுக்குத் தனி வீடு என்று ஒரு சிற்றூரே எழுந்து, ஒன்பது ஆண்டுகள் இருந்து, மறைந்திருக்கிறது.

இரண்டாம் நாள், வெள்ளி இரவு, பிக் மெடோஸ்

காலையில் தார்ன்டன் கணவாய் வழியாக ஷெனன்டோவா தேசியப் பூங்காவுக்குள் நுழைந்து, ஸ்கைலைன் டிரைவில் தெற்கே திரும்பினோம். மலை முகட்டின் மேலேயே 105 மைல் ஓடும் சாலை இது. மணிக்கு 35 மைலுக்கு மேல் போகக் கூடாது. நுழைந்த சிறிது தூரத்தில் மேரிஸ் ராக் சுரங்கம். அதன் உயரம் 12 அடி 8 அங்குலம் என்று எழுதியிருந்த பலகையை மாமா வாய்விட்டுப் படித்தார்.

ஊரில் பரவலாக இருக்கும் ஒரு தவறான செய்தியை இங்கே திருத்திவிட வேண்டும். நானும் போன ஆண்டு மாமாவிடம் ஏறக்குறைய அப்படித்தான் சொல்லியிருந்தேன். இந்தச் சாலையைப் போட்டது சி.சி.சி. இல்லை. ரூஸ்வெல்ட்டுக்கு முன்பிருந்த ஹூவர் ஆட்சியில், 1931இலேயே, வறட்சி நிவாரணப் பணத்தைக் கொண்டு வேலை தொடங்கிவிட்டது. சாலையை வெட்டியவர்கள் ஒப்பந்தக்காரர்கள். சுரங்கம் 1932இல் முடிந்தது. வெட்டிய மலைச் சரிவு இரணமாகக் கிடந்தபோது வந்தவர்கள்தான் சி.சி.சி. பையன்கள். சரிவைச் சமன் செய்து, மண் பிடித்து நிற்கப் புல்லும் செடியும் நட்டு, பார்வையிடங்களில் சுவர் எழுப்பி, நடைபாதை வெட்டி, கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் அமைத்தவர்கள் அவர்கள். சாலை முகட்டைப் பிடித்துக்கொண்டதால் இடம் பெயர்க்கப்பட்ட அப்பலாச்சியன் நெடுந்தூர நடைபாதையைப் பல இடங்களில் புதிதாகப் போட்டவர்களும் அவர்களே. இன்று வண்டியில் போகிறவர் "இயற்கை" என்று படம் பிடிக்கும் புதர்ச் சரிவுகளில் எத்தனையோ கையால் நட்டவை.

ஒரு பார்வையிடத்தில் மாமா இறங்கி, பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரின் எதிரில் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். மற்ற சுற்றுலாப் பயணிகள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்திருப்பார்கள். சுவர் அவர் இடுப்பளவுகூட இல்லை. சாம்பலும் பச்சையும் கலந்த கற்கள். மேலே காசு காசாகக் கற்பாசி. அவர் விரலை இணைப்புகளில் ஓட்டிக் காட்டினார்: ஒரு வரிசையின் இணைப்புக்கு நேர் மேலே அடுத்த வரிசையின் இணைப்பு எங்கும் வரவில்லை, பெரிய கல் கீழே, சிறியது இடுக்கில், சாந்து வெளியே தெரியாதபடி உள்ளுக்குள் ஒதுங்கியிருக்கிறது. "இது பையன் வேலை இல்லை மாப்பிள்ளை. பக்கத்தில ஒரு நல்ல கொத்தனார் நின்னிருக்கார்" என்றார்.

அவர் சொன்னது சரி. பதினெட்டு வயதில் நகரத்திலிருந்து வந்தவனுக்குக் கோடரி பிடிக்கவே தெரியாது என்பதால், 'லெம்' என்ற சுருக்கப் பெயரில், அனுபவமுள்ள உள்ளூர் ஆட்களை முகாம்தோறும் எடுத்துக்கொண்டார்கள். கல் தச்சர், மரத் தச்சர், காடு அறிந்தவர். முகாம் வந்ததில் வெளியூர்ப் பையன்களுக்கே வேலை போகிறது என்ற உள்ளூர்க்காரர்களின் முணுமுணுப்பும் இதனால் ஓரளவு அடங்கியது.

பினக்கிள்ஸ் என்ற இடத்தில் மதிய உணவு; புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்திருந்தோம். அங்கே மரக்கட்டைகளால் ஆன கழிப்பறைக் கட்டடங்கள் அந்தக் காலத்தவை. அந்த மரத்துக்கு ஒரு கதை உண்டு. இந்த மலைகளில் மிகுதியாக இருந்த அமெரிக்கச் செஸ்ட்நட் மரங்களை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆசியாவிலிருந்து வந்த பூஞ்சை நோய் கூண்டோடு அழித்தது. முகாம்கள் வந்தபோது மலையெங்கும் பட்டுப்போன மரங்கள் சாம்பல் நிறத்தில் நின்றுகொண்டிருந்தன. அவற்றை வெட்டி, வேலியாகவும் கட்டடமாகவும் ஆக்கினார்கள். உணவு மேசையிலிருந்து பத்தடி தள்ளி, இரம்பப் பல் விளிம்புள்ள நீண்ட இலைகளோடு ஆளுயரத்தில் ஒரு செஸ்ட்நட் தளிர் நின்றது. வேர் இன்னும் சாகவில்லை. தளிர் விடுகிறது, விரலளவு தடித்துப் பட்டை வெடிக்கும்போது நோய் வந்து மடிகிறது, மறுபடி விடுகிறது. நூறு ஆண்டுகளாக இதே கதை.

மாலையில் பிக் மெடோஸ் வந்து சேர்ந்தோம். ஸ்கைலேண்டிலும் இங்கேயும் 1933 மே மாதம் அமைந்தவைதான் தேசியப் பூங்காக்களில் முதல் முகாம்கள். பார்வையாளர் மையத்தின் வெளியே சட்டையில்லாமல் கோடரியோடு ஒரு வெண்கல இளைஞன் நிற்கிறான். 'அயர்ன் மைக்' என்பது அவனுடைய செல்லப் பெயர். உண்மையான பையன்களில் பலர் வந்த அன்று அப்படி இருந்திருக்க மாட்டார்கள் என்று மாமா சொன்னார். அதற்கும் சான்று இருக்கிறது. 1933 ஆகஸ்ட் 12 அன்று ரூஸ்வெல்ட் இந்தப் பள்ளத்தாக்கு முகாம்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தப் புல்வெளியில் பையன்களோடு உட்கார்ந்து மாட்டிறைச்சியும் மசித்த உருளைக்கிழங்கும் பீன்ஸும் சாப்பிட்டார். இவர்கள் வந்ததிலிருந்து தலைக்குப் பன்னிரண்டு பவுண்டு எடை கூடியிருக்கிறார்கள், நானோ பன்னிரண்டு பவுண்டு குறைக்கப் பார்க்கிறேன் என்று அன்று வேடிக்கையாகச் சொன்னார். மூன்று மாதத்தில் ஒருவனுக்கு அவ்வளவு எடை கூடியது என்றால், வருவதற்கு முன் அவன் வீட்டில் என்ன சாப்பிட்டிருப்பான் என்ற கேள்வி அந்த வேடிக்கைக்குள்ளேயே இருக்கிறது.

இந்த மலையில் வேறு வீடுகளும் இருந்தன. பூங்காவுக்காக வெர்ஜீனியா அரசு நிலத்தைக் கையகப்படுத்தியபோது ஏறத்தாழ ஐந்நூறு குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. அவர்கள் விட்டுப்போன வீடுகள் பலவற்றைப் பிரித்துப் போடும் வேலையும் முகாம் பையன்கள் கையில்தான் விழுந்தது. பூங்கா முறையாக அமைந்தது 1935 டிசம்பர் 26இல். அடுத்த ஜூலையில் ரூஸ்வெல்ட் மறுபடியும் இங்கே வந்து அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். நிலம் எடுத்த வழக்குகளில் அலைந்தவர் என்பதால் மாமா இதைக் கேட்டு வெகுநேரம் பேசவில்லை. இரவில், நாங்கள் தங்கிய விடுதியின் கூடத்தில், புழு துளைத்த செஸ்ட்நட் பலகை பதித்த சுவரைப் பார்த்தபடி, "இழப்பீடு எவ்வளவு கொடுத்தாங்களாம்?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் நாள், சனி, பிக் மெடோஸ்

காலை ஆறு மணிக்கு வெளியே மூடுபனி. எதிரில் நின்ற கார்கூடத் தெரியவில்லை. இந்த நேரத்தில்தான் இங்கே ஊதுகொம்பு ஒலித்திருக்கும். சாலையில் போக வழியில்லாததால், நேற்று மையத்தில் பார்த்ததையும் நான் முன்பே படித்து வைத்திருந்ததையும் கொண்டு, முகாமின் ஒரு நாளை மாமாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எழுந்ததும் உடற்பயிற்சி, பிறகு காலை உணவு, பிறகு படுக்கையை மடித்துக் கூடத்தைப் பெருக்குவது. கட்டிலின் போர்வை சுருக்கமில்லாமல் இருக்கிறதா என்று அதிகாரி பார்ப்பார். எட்டு மணி வாக்கில் கருவிகளை வாங்கிக்கொண்டு லாரியில் ஏற வேண்டும். அதுவரை இராணுவத்தின் பிடியில் இருப்பவர்கள், லாரி கிளம்பியதும் பூங்காத் துறையின் ஆட்கள். மதிய உணவு வேலை நடக்கும் இடத்துக்கே வரும். நான்கு மணிக்குத் திரும்பி, குளித்து, உடை மாற்றி, கொடி இறக்கும் அணிவகுப்பில் நின்ற பிறகு இரவு உணவு. அதன்பின் அவரவர் நேரம். பத்து மணிக்கு விளக்கு அணையும். வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலை. சனி மாலையில் லாரியில் ஏற்றிப் பக்கத்து ஊருக்குச் சினிமா பார்க்கக் கொண்டுபோவார்கள்.

உடுத்தியது பெரும்பாலும் முதல் உலகப் போரில் மிஞ்சிய இராணுவச் சீருடை. வேலைக்கு நீல டெனிம். அளவு பொருந்துவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. புதிதாக வந்தவனை ஏமாற்றுவது ஒரு சடங்கு: இடக்கைக்காரர் திருகி ஒன்று வாங்கிவா என்று முகாம் முழுக்க அலையவிடுவார்கள், இரவில் கோணிப்பையைக் கொடுத்து, இல்லாத பறவையைப் பிடிக்கக் காட்டுக்குள் அனுப்புவார்கள். காபியில் வெடியுப்பு கலந்து தருகிறார்கள், அதனால்தான் பெண்கள் நினைப்பு வருவதில்லை என்ற வதந்தி எல்லா முகாமிலும் உண்டு. ஊர் ஏக்கம் தாங்காமல் ஓடிப்போனவர்களும் நிறையப் பேர். ஓடிப்போனால் சிறை கிடையாது, பெயரை அடித்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

சம்பளப் பகுதிக்கு வந்ததும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். மாதம் 30 டாலர். அதில் 25 டாலர் பையன் கைக்கு வராமலே நேராக வீட்டுக்குப் போய்விடும். தொடக்கத்தில் சேர்வதற்கே அதுதான் தகுதி: 18 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும், திருமணமாகியிருக்கக் கூடாது, வீட்டில் அரசு உதவியை நம்பி இருப்பவர்கள் இருக்க வேண்டும். வயது வரம்பைப் பின்னால் தளர்த்தினார்கள். கையில் நிற்கும் ஐந்து டாலரும் முகாம் கடையில் சிகரெட்டுக்கும் மிட்டாய்க்கும் போய்விடும். உதவித் தலைவனுக்கு 36, தலைவனுக்கு 45 டாலர். நாளுக்கு ஒரு டாலர் என்ற கூலி நாடு முழுவதும் கூலியை இறக்கிவிடும் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அந்த எதிர்ப்பைத் தணிக்கத்தான் இயந்திரத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த ராபர்ட் ஃபெக்னர் என்பவரையே ரூஸ்வெல்ட் படையின் இயக்குநராக்கினார்.

"என் முதல் சம்பளத்தில பாதிக்கு மேல அம்மாவுக்கு மணியார்டர் பண்ணினேன்" என்றார் மாமா. "ஆனா யாரும் பிடிச்சுக்கிட்டு அனுப்பலை, நானேதான் அனுப்பினேன்." அந்த வித்தியாசம் சிறியது இல்லை என்று அவர் நினைப்பது தெரிந்தது. எனக்கு வேறு மாதிரித் தோன்றியது. வீட்டுக்குப் பணம் போகிறது என்ற ஒரே காரணத்தால்தான் பலர் ஓடிப்போகாமல் ஆறு மாதமும், மறுபடி ஆறு மாதமும் இருந்திருக்கிறார்கள். அதிகபட்சம் இரண்டு ஆண்டு.

மாலை வகுப்புகள் கட்டாயமில்லை, ஆனால் நடந்தன. தட்டச்சு, வெல்டிங், வானொலி பழுது, எல்லாவற்றுக்கும் முன்னால் எழுத்தறிவு. எழுதப் படிக்கத் தெரியாமல் வந்து தெரிந்துகொண்டு போனவர்கள் 40,000 பேருக்கு மேல். முதல் கடிதத்தைத் தன் கையால் வீட்டுக்கு எழுதியவனுக்கு அது சம்பளத்தைவிடப் பெரிதாக இருந்திருக்கும்.

பத்தரைக்குப் பனி விலகியது. தெற்கே 57ஆவது மைலைத் தாண்டி லூயிஸ் மலைத் தங்குமிடம் வரை போனோம். அழகான, அமைதியான இடம். 1939இல் இது திறக்கப்பட்டபோது கறுப்பினத்தவருக்கு மட்டும் என்று ஒதுக்கி, அப்படியே பலகையும் வைத்திருந்தார்கள். வெள்ளையர் பிக் மெடோஸில், கறுப்பர் இங்கே. 1950 வாக்கில்தான் இந்தப் பிரிவினை முழுமையாக நீங்கியது. முகாம்களிலும் இதுவே நடந்தது. இனம், நிறம், சமயம் பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது என்ற வரியைச் சட்டத்தில் சேர்க்கவைத்தவர் சிகாகோவின் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் ஆஸ்கர் டி பிரீஸ்ட். அந்த வரி இருக்கும்போதே, 1935இலிருந்து முகாம்கள் நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்டன. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின இளைஞர்கள் இப்படித் தனி முகாம்களில் அதே வேலையைச் செய்தார்கள். பெண்களுக்குப் படையில் இடமே இல்லை. ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் வாதாடி அமைத்த பெண்கள் முகாம்களில் மொத்தமே 8,500 பேர் அளவுக்குத்தான் இடம் பெற்றார்கள்.

நான்காம் நாள், ஞாயிறு இரவு, பிரின்ஸ் வில்லியம் காடு

மலையை விட்டு இறங்கி, வாஷிங்டனுக்குத் தெற்கே பெருஞ்சாலையை ஒட்டியுள்ள பிரின்ஸ் வில்லியம் காட்டுப் பூங்காவுக்கு வந்துவிட்டோம். நகரத்து ஏழைக் குழந்தைகள் கோடையில் வந்து தங்குவதற்காகச் சி.சி.சி. கட்டிய மரக் குடில்கள் இங்கே கூட்டம் கூட்டமாக இன்னும் நிற்கின்றன. இவற்றையும் நிறம் பார்த்துத்தான் பிரித்தார்கள். அதில் ஒன்றில் இன்று எங்களுக்கு இடம். போர்வைகளை வீட்டிலிருந்தே எடுத்துவந்திருந்தோம்.

குடிலின் வெளிப் பலகைகளில் மரத்தின் வளைந்த ஓரத்தை அறுக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். மாமா ஒவ்வொன்றாகச் சாண் போட்டு அளந்தார். ஒன்றுபோல் ஒன்று இல்லை, ஆனால் எங்கும் இடைவெளி விழவில்லை. கட்டியவர்கள் படுத்த கூடங்கள் போய்விட்டன. அவர்கள் பிறருக்காகக் கட்டியதில் இன்று நாங்கள் படுக்கப் போகிறோம்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் எல்லாம் விரைவாக முடிந்தது. தொழிற்சாலைகள் ஆள் எடுத்தன, இராணுவம் ஆள் எடுத்தது, 1942இல் நாடாளுமன்றம் பணத்தை நிறுத்தியது. அதுவரை சுமார் முப்பது இலட்சம் பேர் வந்துபோயிருந்தார்கள். நட்ட மரங்கள் முந்நூறு கோடி வாக்கில். வரிசையில் நிற்கவும் நேரத்துக்கு எழவும் கற்றிருந்தவர்கள் பலர் நேராகப் போருக்குப் போனார்கள். காலியான முகாம்கள் சிலவற்றில், போரில் கலந்துகொள்ள மனச்சான்று இடம் தராதவர்களைத் தங்கவைத்து அதே காட்டு வேலையைத் தொடர்ந்து வாங்கினார்கள். நாங்கள் இருக்கும் இந்தக் குடில்களில் ஓ.எஸ்.எஸ். என்ற உளவு அமைப்பு ஒற்றர்களுக்குப் பயிற்சி கொடுத்தது.

ஒன்பதரைக்கு மாமா திருச்சிக்குப் பேசினார். அங்கே காலை ஏழு மணி. எங்கே இருக்கிறீர்கள் என்று அத்தை கேட்டதற்கு, காட்டுக்குள்ளே ஒரு கொட்டகையில் என்று சொல்லிவிட்டு, கல் சுவரைப் பற்றித் தொடங்கினார். இணைப்பு, சாந்து, கொத்தனார் என்று ஐந்து நிமிடம் போனது. சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் ஒலிபெருக்கியில் போட்டிருந்தார், அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, அங்கே சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?" என்றார்.